சாவியிருந்தும் தட்டினவர்

சட்டைப் பையில் சாவியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் ஏன் தம் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்?

மாலை ஆறரை மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். கருவிப் பெட்டியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்கும். பிறகு நடுவிரல் முட்டியால் மூன்று தட்டு. இரண்டு சேர்ந்தாற்போல, ஒன்று கொஞ்சம் தள்ளி. யார் வீட்டுக் கதவையும் கால் மணி நேரத்தில் திறந்துவிடுகிற பூட்டுக்காரர், தம் வீட்டு வாசலில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற கதவு அது. உள்ளேயிருந்து யாராவது எழுந்து வரவேண்டும். ஏன் இந்த வேலை என்று அவருடைய மூத்த மகளுக்கு அப்போது விளங்கவில்லை.

அவர் கடை ஒரு அலமாரி அகலம்தான். சுவர் முழுக்க ஆணிகள்; ஆணி முழுக்க வெட்டாத சாவிகள். நடுவில் இரண்டு ஆணிகளில் மட்டும் மகளும் மகனும் பள்ளிக்கூடப் படங்களில் தொங்குவார்கள். அது எந்தப் பூட்டுக்கு என்று யாராவது கிண்டலாகக் கேட்டால், "அது விக்கிறதுக்கு இல்லைங்க" என்பார், முகத்தை மாற்றாமல்.

புதுச் சாவியை வெட்டி முடித்ததும் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். பிசிறு இருந்தால் உறுத்தும். அதற்குத்தான் விரல் இருக்கிறதே என்பார்கள். "விரல் மரத்துப் போச்சுங்க. கன்னம் இன்னும் பொய் சொல்லல." பிசிறு போகும்வரை அரத்தால் இழுப்பார், மறுபடி கன்னம், மறுபடி அரம். யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்குமுன் வாசல் பூட்டைப் பார்ப்பார். மனைவி முழங்கையால் இடிப்பார். "வணக்கம் சொல்லுங்க முதல்ல. பூட்டு அப்புறம் பேசும்."

சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் தவிப்பவர்கள் கூப்பிட்டால், பூட்டை நெம்பி விடுவித்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்துகொள்வார். கதவை அவர் தள்ளியதே இல்லை. "நீங்க தொறங்க. உங்க வீடு."

மகளுக்குக் கல்லூரி இறுதித் தேர்வு வந்தது. அவள் படிப்பதற்கு முன்னறை மேசைதான் இருந்தது, அதுவும் கதவுக்குப் பக்கத்தில். அம்மா அடுப்படியில், தம்பி விளையாட்டில். எழுந்து போகிற வேலை அவள் தலையில் விழுந்தது. ஒருநாள் பேனாவைக் கையில் பிடித்தபடியே போய்த் திறந்தாள்.

"சாவி பையிலதானே இருக்கு? நீங்களே தொறந்துட்டு வந்தா என்னப்பா? ஒரு கணக்கு பாதியில நிக்குது."

"ஆமால்ல" என்றார் அவர். தவறு செய்து பிடிபட்டவர்போலச் சிரித்தார். பெட்டி கதவில் இடிக்காமல் இருக்க இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

மறுநாளிலிருந்து தட்டல் நின்றது. அவள் தலை நிமிரும்போது அவர் உள்ளே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். சாவி போட்டு வந்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சரியாகச் சொன்னால், நினைக்கக்கூட இல்லை.

தேர்வு முடிந்த அன்று மாலை அந்த மூன்று தட்டு திரும்ப வந்தது. அவள் தோழிகளோடு வெளியே போயிருந்தாள். அடுத்த நாளும் வந்தது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாளும் தம்பிதான் திறந்தான். மூன்றாம் நாள் மதியம் கடையில் யாருக்கோ சாவி வெட்டிக் கொடுத்துவிட்டு, பூட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

பேனாவும் கையுமாக அவள் சொன்ன வார்த்தை அவரைச் சுட்டிருக்குமா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை.

ஒரு மாதம் கழித்துக் கடையைக் காலி செய்ய அவள்தான் போனாள். ஆணிகளிலிருந்து சாவிகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடைத் தையல்கார அக்கா, கழுத்தில் அளவுநாடாவோடு வந்து நின்றார்.

"நீதான் பெரியவளா? உன்னால நான் குடிச்ச டீ கொஞ்சநஞ்சமில்ல."

"என்னாலயா?"

"சாயங்காலம் கடை சாத்துறப்ப எங்களுக்குள்ள தெனம் ஒரு பந்தயம். இன்னைக்கு உங்க வீட்டுல யார் கதவத் தொறப்பாங்கன்னு. நான் ஒருநாள் உங்கம்மாம்பேன், ஒருநாள் உன் தம்பிம்பேன். அவரு மாத்தவே மாட்டாரு. 'பெரியவ.' தெனம் அதே பதில்தான். மறுநாள் காலைல டீயோட வந்து நிப்பாரு. 'தோத்துட்டேன் தங்கச்சி, குடி'ம்பாரு."

அவள் கையிலிருந்த சாவிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜெயிச்சதே இல்லையா?"

"ஜெயிச்ச நாள் தெரியாதா பின்ன? பாடிக்கிட்டே ஷட்டரத் தூக்குவாரு. அன்னைக்கு டீ என் பொறுப்பு. அதையும் அவரே வாங்கிட்டு வந்துருவாரு."

"பரீட்சை மாசத்துல?"

"அந்த மாசம் பந்தயம் கெடையாதுன்னுட்டாரு. 'அவ படிக்கிறா, தட்டக் கூடாது'ன்னு கடைக்கு வர்ற ஆளுங்ககிட்ட எல்லாம் ஒரே பெரும. பூட்டு ரிப்பேருக்கு வந்தவன் என்ன பண்ணுவான், தலையாட்டிட்டுப் போவான். பரீட்சை முடிஞ்ச அன்னைக்கு நாலு மணிக்கே கையக் கழுவிட்டு வீட்டுக்குப் போக ரெடியா உக்காந்துட்டாருன்னா பாத்துக்கோ."

அக்கா போனதும் மீதிச் சாவிகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள்.

கடை மேசை இழுப்பறையில், அவருடைய சட்டைப் பையிலிருந்து யாரோ எடுத்து வைத்திருந்த வீட்டுச் சாவி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். தன் சாவி பையில் இருந்தாலும் அவருடையதைப் பூட்டில் போட்டாள். உள்ளே போனது, திரும்பவில்லை. எடுத்துப் போட்டாள். திரும்பவில்லை. வெளியே இழுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிசிறு குத்தியது.

சத்தம் கேட்டு அம்மா கதவைத் திறந்தாள், ஈரக் கையோடு.

"இது அப்பா சாவிம்மா. திரும்ப மாட்டேங்குது."

"அது எப்பத் திரும்பிச்சு? இந்தப் பூட்டு போட்டப்ப நம்ம மூணு பேருக்கும் தேய்ச்சு தேய்ச்சுக் குடுத்தாரு. தனக்குன்னு கடைசியா ஒண்ணு வெட்டினாரு. சாப்பாடு ஆறுதுன்னு நான் கூப்பிட்டேன், அப்படியே பையில போட்டுக்கிட்டு வந்தாரு. சரி பண்ணிக்கோங்கன்னு எத்தன வருஷம் சொல்லியிருப்பேன். 'எனக்கெதுக்கு? உள்ளதான் ஆளு இருக்கே'ம்பாரு."

"அப்போ, நான் படிக்கிறப்ப எப்படி உள்ள வந்தாரு?"

"படியில செருப்புச் சத்தம் கேட்டா நான் போய்த் தொறந்து வெச்சிடுவேன். தாழ்ப்பாளக் கையில புடிச்சுக்கிட்டு, சத்தம் வராம. நீ தலையே தூக்கல." அம்மா இதைக் குறையாகச் சொல்லவில்லை. குழாய் சொட்டுகிறது என்று சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் அந்தச் சாவி சரியாகிவிடும். இழுக்க அவளுக்கும் தெரியும். இழுக்கவில்லை. தன் சாவியோடு சேர்த்து ஒரே வளையத்தில் கோத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலை தேடிப் போய்விட்டு, ஆறரை மணிக்குப் படியேறி வந்தாள். வளையம் கையில் இருந்தது. அதைப் பைக்குள் போட்டுவிட்டு நடுவிரலை மடக்கினாள். இரண்டு சேர்ந்தாற்போல, ஒன்று கொஞ்சம் தள்ளி.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

பிறகு தம்பியின் குரல். "அக்காதான்மா. அவகிட்ட சாவி இருக்கு, அவளே தொறந்துக்கட்டும்."

"இருந்தா இருந்துட்டுப் போவுது. போய்த் தொறடா."

நாற்காலி நகர்ந்தது. வெறுங்கால் ஓடிவரும் சத்தம் கதவை நெருங்கியது. அவள் பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

இதைப் படித்தவர்களே, எழுந்து போய்க் கதவைத் திறக்க அலுத்துக்கொள்கிற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், பூட்டுக்காரரின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். ஆறரை மணிக்கு முன்னால் சொன்னால் நல்லது.