பீப்பாய்க்காரன் பெயரில் ஒரு கண்ணாடிக்காரன்

ஃபைவிஷ் ஜன்னலுக்குக் கண்ணாடி போடுகிறவன். அப்பாவுக்கும் அண்ணன் நோகெமுக்கும் அதே தொழில்; குடும்பப் பெயரே கிளேசர், அதாவது கண்ணாடிக்காரன். ஆனால் ஃபைவிஷின் காகிதங்களில் இருப்பது பொன்தார், பீப்பாய் செய்கிறவன். அவனுக்கு ஒரு வாளிகூடச் செய்யத் தெரியாது.

தாத்தா காலம்வரை இன்னாரின் மகன் இன்னார் என்றால் யூதர்களான நமக்குப் போதும். ஜெப ஆலயத்தில் இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். குடும்பப் பெயர் வை என்று சட்டம் போட்டவர்கள், ஆசையாகக் கூப்பிடவா போட்டார்கள்? வரிக்கும் பட்டாளத்துக்கும் ஆள் பிடிக்கத்தான். பிறகு ரஷ்ய மன்னர் ஜார், வீட்டுக்கு ஒரே மகன் என்றால் பட்டாளம் வேண்டாம் என்றார். விடுவார்களா நம் ஆட்கள்? ஃபைவிஷ் இரண்டாவது பிள்ளை. பிறந்த வாரமே, குழந்தை இல்லாத எதிர்வீட்டுப் பீப்பாய்க்காரரின் ஒரே மகன் என்று அவனைப் பதிந்துவிட்டார்கள். வளர்ந்தது என்னவோ அப்பா வீட்டில்தான்.

நாலு வருஷம் கழித்துப் பீப்பாய்க்காரருக்கே ஒரு பெண் பிறந்தாள். பெய்லா. ஃபைவிஷ் போயும் போயும் அவளைத்தான் விரும்பித் தொலைத்தான்.

"என்ன அண்ணா, தங்கச்சிய இப்படியா பாக்கறது?" என்று அவள் சிரிப்பாள்.

கல்யாணப் பதிவேடு எழுதும் மதகுரு ரபியிடம் போனான். அவர் ஏட்டைத் திருப்பிக் காட்டினார்.

"நீ அவளுக்கு அண்ணன்டா. நான் எப்படிக் கல்யாணம்னு எழுதுவேன்?"

"உண்மையச் சொல்லிடறேன் சாமி."

"தாராளமாச் சொல்லு. பொய்யா எழுதினதுக்கு ரெண்டு அப்பனும் ஜெயிலுக்குப் போவாங்க. நீ பட்டாளத்துக்குப் போ. அவ யாரையாவது கட்டிக்கட்டும்."

ஃபைவிஷ் உண்மையைச் சொல்லும் யோசனையை விட்டான். பந்தலின் கீழ் பத்துப் பேர் சாட்சியாகக் கல்யாணம் நடந்தது, ஏட்டில் ஏறவில்லை. ஆண்டவன் முன்னால் புருஷன் பெண்டாட்டி, ஜார் முன்னால் அண்ணன் தங்கை.

மகள் ஹின்டா பிறந்தபோது, குழந்தையை யார் பெயரில் எழுதுவது என்று வீடே திகைத்து நின்றது. கடைசியில் பிள்ளையில்லாத அண்ணன் நோகெம்தான் தொண்டையைக் கனைத்தான்.

"என் பொண்ணுன்னு எழுதிக்கடா. நம்ம அப்பா பேர்தானே."

குழந்தை ஹின்டா கிளேசர் ஆனாள். பெய்லா அழுதுகொண்டே சொன்னாள்: "பேராவது வீடு வந்து சேந்துச்சு. நாமதான் வெளியிலயே நிக்கறோம்."

பேச்சு வந்த நாளிலிருந்து பிள்ளைக்கு இதே பாடம். பித்தளைப் பொத்தான் சட்டை போட்ட சர்க்கார்காரன் தெருவில் தெரிந்தால் நோகெம் வீட்டுக்கு ஓடு. அவர்தான் அப்பா. பெற்ற ஃபைவிஷ் வெறும் மாமா. ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடமா இது, சொல்லுங்கள்.

அவளுக்கு ஐந்து வயதானபோது அந்தச் சட்டைக்காரன் காகிதங்களைச் சரிபார்க்க வந்தான். யார் மொட்டைக் கடுதாசி போட்டார்களோ. பிள்ளை சொன்னபடியே ஓடினாள். ஃபைவிஷால் சும்மா இருக்க முடியவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போய் நின்றான். முட்டாள்தனம்தான். பெற்ற மனசு கேட்கவில்லை.

அதிகாரி குனிந்து பிள்ளையின் முகத்தையும் நிமிர்ந்து அவன் முகத்தையும் பார்த்தான். இரண்டிலும் ஒரே மூக்கு.

"இவர் யாரு பாப்பா?"

பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஜன்னல் போடற மாமா. எங்க அப்பா கூப்பிட்டிருக்கார்."

நோகெமின் விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி ஏதோ எழுதிவிட்டுப் போனான். தெருக்கோடியில் அவன் மறைகிற வரை யாரும் அசையவில்லை. அப்புறம் ஃபைவிஷ் மண்டியிட்டுக் கைகளை நீட்டினான்.

"அவன் போயிட்டான் கண்ணு. வா."

ஹின்டா நோகெமின் விரலை விடவில்லை.

"நான் சரியாச் சொன்னேனா மாமா?"

"சரியாச் சொன்னே," என்றான் ஃபைவிஷ்.