என்ன படம், அங்கிள்?

அந்தப் பாட்டு எந்தப் படத்திலும் வந்ததில்லை. மலாக்காவில் பெம்பானுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, செங் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த ஓர் அண்ணனும் தங்கையும் உண்டாக்கிய பாட்டு அது. அவன் மெட்டுப் போட்டு கிட்டார் வாசித்தான். அவள் எழுதினாள், பாடினாள். இதைச் சொல்ல அந்தக் காலத்தில் என் கையில் மைக்கே கொடுத்தார்கள். நான் சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் பெம்பானில் கேசட் கடை வைத்திருந்தேன். அதற்கு முன் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் வரை படித்தவன், ஆங்கில இசையும் கேட்டுப் பழகியவன் என்பதால் ஊரில் பாட்டைப் பற்றி என் பேச்சு எடுபடும். கடையில் புதுப் படக் கேசட்டுகள், பக்திப் பாடல்கள், அவற்றோடு நானே பல படங்களிலிருந்து பாட்டுகளைப் பொறுக்கிப் பதிந்து விற்கும் மிக்ஸ் கேசட்டுகள். அப்படி விற்பது சரியா என்று அப்போது யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் அண்ணனும் தங்கையும் வேலை உடுப்போடு விற்பதற்குக் கேசட்டுகள் நிறைந்த ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மலாக்கா டவுனில் ஒரு ஸ்டூடியோவில் பதிவு செய்திருந்தார்கள். உறையில் இருவர் படமும் இருந்தது. ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் அதே பாட்டு குரல் இல்லாமல்.

"ஒரே பாட்டுதானா?" என்றேன்.

"வெள்ளக்காரன் இப்படித்தான அங்கிள் விடுறான்? சிங்கிளு," என்றான் அண்ணன். "மொதல்ல ஒன்னு விட்டுப் பாப்போம். நல்லா போனா அடுத்தது."

"நல்லா போவலன்னா அடுத்தது இல்ல," என்று தங்கை சிரித்தாள். "எங்கம்மா கிட்டார வித்துடும்."

போட்டுக் கேட்டேன். இரவு ஷிஃப்ட் முடித்த ஒருத்தி, தூங்கப் போகாமல் தோழியைப் பக்கத்திலிருக்கும் செர்காம் கடற்கரைக்குக் கூப்பிடுகிற பாட்டு. கிட்டார் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. அவள் குரலில் தூக்கக் கலக்கமும் குறும்பும் சேர்ந்திருந்தன. நம் வட்டாரத்து ஊர்ப் பெயரை ஒரு தமிழ்ப் பாட்டுக்குள் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதையாவது ஒளிக்காமல் அவர்களிடம் சொன்னேன்.

கடை வாசலில் இருந்த ஸ்பீக்கரில் நாள்தோறும் அதைப் போட்டேன். போகிறவர்கள் நின்றார்கள், காலால் தாளம் போட்டார்கள். பிறகு உள்ளே வந்து எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "என்ன படம், அங்கிள்?"

"படம் இல்லப்பா. நம்ம ஊரு புள்ளைங்க பாடுனது."

அவ்வளவுதான். கையில் எடுத்த கேசட்டை, ஈரக் கையால் தொட்டுவிட்டதுபோல் கீழே வைத்துவிடுவார்கள். "அப்படியா? பரவால்ல, ட்ரை பண்ணியிருக்காங்க." ஒரு நிமிடத்துக்கு முன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள்! ஓர் அம்மா, "அதான பாத்தேன், என்னமோ கொறையுதேன்னு," என்றார். என்ன குறைந்தது? எந்த வாத்தியம் குறைந்தது? இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடலுக்கு அப்பாலிருந்து யார் எதைப் பாடி அனுப்பினாலும் வாங்கி வீட்டில் வைப்போம். நம்மோடு ஒரே கடையில் ரொட்டி சானாய் தின்கிற பெண் பாடினால் மட்டும் காது சுருங்கிவிடும்.

ஒருநாள் லோரி ஓட்டுகிற ஓர் ஆள் வந்து அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு அலுத்துப்போயிருந்தது. "புதுப் படம். இன்னும் வரல," என்றேன்.

"அதுல எனக்கு ஒன்னு அடிச்சுக் குடுங்க."

பதிந்து கொடுத்தேன். அதன்பின் நான் விற்ற மிக்ஸ் கேசட்டுகளிலும் அதையே முதல் பாட்டாக வைத்தேன். உறையில் மற்றப் பாட்டுகளுக்கு நேராகப் படத்தின் பெயர் இருக்கும். இதற்கு நேராக 'புதுப் படம்' என்று என் கையாலேயே எழுதினேன். முதலில் கேட்கட்டும், பிடித்துப்போன பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய்ச் சமாதானம். மிக்ஸ் கேசட் ஓடியது, அதுதான் காரணம். உறையில் அவர்கள் முகம் போட்ட கேசட்டுகளின் பெட்டி அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது.

பாட்டு பரவிவிட்டது. கல்யாண விருந்துகளில் இசைக்குழுக்கள் பாடின. சாலையோர ஒட்டுக்கடைகளில் கேட்டது. படம் எப்போது வரும் என்று வீடியோ கடைக்காரரை நச்சரித்தார்கள். பாட்டில் செர்காம் வருகிறதே என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. பக்கத்தில் நின்றவர் உடனே தீர்த்துவைத்தார்: "இங்க வந்து ஷூட்டிங் எடுத்திருப்பான்லா!" செர்காமுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் அந்தப் பாட்டை எழுதியிருக்கலாம் என்பதைவிட, சென்னையிலிருந்து ஒரு படக்குழு யாருக்கும் தெரியாமல் செர்காமுக்கு வந்து போயிருக்கலாம் என்பதை அவர்களால் எளிதாக நம்பமுடிந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அண்ணன் கடைக்கு வந்தான். தொழிற்சாலை கேன்டீனில் அந்தப் பாட்டைப் போட்டார்களாம். "இது எங்க பாட்டுடான்னு சொன்னேன் அங்கிள். ஒருத்தன் சொல்றான், 'ஆமாலா, மலாக்கா கோட்டைய எங்கப்பாதான் கட்டுனாரு.' எல்லாரும் சிரிக்கிறானுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"சொல்றேன்டா. நேரம் வரட்டும்."

பொங்கலையொட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊர்ப் பொதுமண்டபமான டேவானில் பாட்டுப் போட்டி நடந்தது. நான் நடுவர்களில் ஒருவன். மேடையேறும் முன் தங்கை என் மேசைக்கு வந்து, "நீங்க ஜட்ஜுன்னு சொன்னாங்க அங்கிள். அந்தத் தைரியத்துலதான் பேரு குடுத்தோம்," என்றாள்.

பாடினார்கள். டேவானே சேர்ந்து பாடியது. சிறுபிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி ஆடினார்கள். கைதட்டல் அடங்கியதும், நிகழ்ச்சியை நடத்திய தலைவர் மைக்கை வாங்கி, "பிரமாதம்! அப்படியே கேசட்டுல கேட்ட மாதிரி இருந்துச்சு. என்ன படம்மா?" என்றார்.

"படம் இல்ல சார். கேசட்டுலயும் நாங்கதான் பாடுனோம். நாங்களே எழுதுனது."

முதலில் சிரிப்பு. பிறகு பின்வரிசையிலிருந்து, "ஏய், அளந்து உடாதலா!" என்று ஒரு குரல். "எங்க வூட்ல கேசட்டு இருக்கு, புதுப் படம்னு போட்டிருக்கு!" "அடுத்தவன் பாட்டத் திருடிட்டு வாயப் பாரு!" ஆடிய பிள்ளைகளைத் தாய்மார்கள் பிடித்து உட்காரவைத்தார்கள்.

அவள் அசையவில்லை. "அந்தா, அங்கிள் இருக்காரு. அவர்கிட்ட கேளுங்க."

மைக் என்னிடம் வந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொன்னால், உறையில் எழுதியது யார், ஊரையே இத்தனை மாதம் ஏமாற்றியது யார், அவர்களைக் கேட்காமல் அவர்கள் பாட்டைப் பதிந்து விற்றது யார் என்பதும் வெளியே வரும். நான் சொன்னது இதுதான்: "கேசட்டுல வந்திருக்கு. எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குச் சரியா தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. நான் சொன்னது தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்பதுபோல் பார்த்தாள். அண்ணன் கிட்டாரைக் கழற்றினான். பொய் சொன்னதற்காக அவர்களைப் போட்டியிலிருந்து நீக்குவதாகத் தலைவர் அறிவித்தார். அதற்கும் கை தட்டினார்கள். நானும் நடுவராக உட்கார்ந்து மீதிப் பேருக்கு மதிப்பெண் போட்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் உண்மையைச் சொன்னேன். படம் கிடையாது, உறையில் அப்படி எழுதியது நான்தான், அது அந்தப் பிள்ளைகள் பாட்டு என்று. அவர்கள் பாவம் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். "அங்கிளுக்கு எளகின மனசு. அந்தப் பொண்ணு அழுதிருக்கும், அதான்," என்றார் லோரிக்காரர். நான் அவர்களுடைய கேசட்டின் உறையை எடுத்துக் காட்டினேன். அதில் இருவர் படமும் இருந்தது. "இத யாரு வேணும்னாலும் அடிக்கலாம்லா," என்றார். என் பொய்யை ஒரு நொடியில் நம்பியவர்களுக்கு என் உண்மையை நம்ப மனம் வரவில்லை. அவர்கள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. ஆனால் அந்த ஆத்திரத்தை வைத்துக்கொண்டு நான் என்னைக் கழுவிக்கொள்ள முடியாது. அவர்கள் நம்ப விரும்பியதை அவர்களுக்கு விற்றவன் நான்.

பெட்டியை எடுத்துப்போகத் தங்கை மட்டும் வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"வேணாம் அங்கிள். நீங்க சொல்லச் சொல்ல என்னத்தான் ஒரு மாதிரி பாக்குறாங்க." பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நேத்து ஃபேக்டரி பஸ்ல அந்தப் பாட்டப் போட்டாங்க. டிரைவர் அண்ணன்கிட்ட மாத்தச் சொன்னேன்."

"மாத்தினாரா?"

"எங்க மாத்துறாரு? அவரு மாத்தப் போனாரு, பின்னாலருந்து எல்லாம் கத்துதுங்க. அன்னிக்கி டேவான்ல இருந்துச்சுங்களே, கூட வேல செய்யுற அதே புள்ளைங்கதான். 'நல்ல பாட்டுலா, ஏன் மாத்துறீங்க, போடுங்க'ன்னு."