ஓஸெல்லா சேர்த்த ஏழைக் காகிதங்கள்

ஓஸெல்லா ப்ரூயிட்டைப் பற்றி எங்கள் ஊரில் ரெண்டு விதமாகச் சொல்வார்கள். வாய்த்துடுக்குக்காரி என்பார்கள் சிலர். அவள் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி இன்று பூட்டிக் கிடக்கும் என்பார்கள் மற்றவர்கள். ரெண்டும் உண்மைதான். முப்பது வருஷம் அவளுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவள் நான். என்னைக் கேளுங்கள்.

மிசிசிப்பியில் எங்களுடையது சின்ன ஊர். மீன் வெட்டும் ஆலை, பருத்திக் காடு, அந்த மாவட்ட ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். ஆலையில் பாதிப் பேருக்கு இன்சூரன்ஸ் கிடையாது. அடுத்த ஆஸ்பத்திரி எழுபது மைல் தள்ளி. ஓஸெல்லா ஆஸ்பத்திரியின் பதிவு ஜன்னலில் உட்கார்ந்தவள். வருகிறவரின் பெயர், வயது, எங்கே வலி என்று கேட்டு எழுதுவாள். கடைசியில் ஒரு கேள்வி உண்டு: செலவைக் கட்ட முடியுமா, முடியாதா? முடியாதவருக்குத் தனியாக ஒரு காகிதம். வருமானத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் அதற்கு ஏழைக் காகிதம் என்று பேர்.

அதில் கையெழுத்துப் போட எங்கள் ஜனம் லேசில் சம்மதிக்காது. கையை மெஷினில் கொடுத்துவிட்டு ரத்தம் சொட்ட நிற்கிறவன்கூட, வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் கட்டிவிடுகிறேன் என்பான். தன் அப்பா வயதுக்காரர்களைப் பார்த்து நீங்கள் ஏழையா என்று கேட்க ஓஸெல்லாவுக்கு நாக்குக் கூசியது. அதனால் கேட்பதையே விட்டுவிட்டாள். எல்லோருக்கும் ‘தானே கட்டுவார்’ என்று எழுதிவிடுவாள். அதுதான் மரியாதை என்று நினைத்தாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

ஒரு ஏப்ரல் மாதம் மாநிலத் தலைநகரிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரிகளுக்கு அரசாங்கம் பணம் தருகிறது, உங்கள் பதிவில் ஏழைகளே இல்லையே, அதனால் ஜூலையிலிருந்து உங்களுக்குப் பணம் கிடையாது என்றார். அந்தப் பணம் நின்றால் எமர்ஜென்சியை மூட வேண்டியதுதான் என்று மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஓஸெல்லா ஒன்றுதான் கேட்டாளாம்: வைத்தியம் பார்த்துக்கொண்டு போனவர்கள் இப்போது கையெழுத்துப் போட்டால் செல்லுமா? எட்டு மாதத்துக்குள் வந்தவர்கள் என்றால் செல்லும், மே மாதக் கடைசி நாளுக்குள் கொண்டுவர வேண்டும் என்றார் அதிகாரி.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தவள் உட்காரவே இல்லை.

“அவங்க பூட்டலக்கா. நான்தான் பூட்டியிருக்கேன். மரியாதை மரியாதைன்னு என் கையாலயே எழுதி எழுதிப் பூட்டியிருக்கேன். நானே தெறக்கறேன் பாரு.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனை முடிகிற நேரம் எழுந்து நின்றாள். தான் செய்த தப்பை மறைக்காமல் சொன்னாள். வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் மே மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால்தான் ஆஸ்பத்திரிக்குப் பணம் வரும் என்றாள். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். குளிர்காலத்தில் அவளுக்கே பித்தப்பையில் ஆபரேஷன் நடந்திருந்தது. அவளுக்கு அரைநாள் வேலைதான், அதனால் அவளுக்கும் இன்சூரன்ஸ் கிடையாது.

“நான் ஏழை. எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட யாரும் முன்வரவும் இல்லை. முன்வரிசையில் சபைப் பெரியவர்களில் ஒருவரான மூப்பர் க்ளீவன் டேட் தொண்டையைச் செருமினார். சபையில் அவருக்கு மேல் ரோஷக்காரர் கிடையாது.

“நாப்பது வருஷமா ஒருத்தன்கிட்ட கை நீட்டுனதில்ல ஓஸெல்லா. இந்த வயசுல என்னைப் பிச்சைக்காரன்னு எழுதச் சொல்றியா?”

“நீங்க வாங்குற சக்கரைக்கும் சட்டைக்கும் வரி புடிச்சு இத்தன வருஷமா கொண்டுபோறாங்களே மூப்பரே. போறப்ப கூசல, திரும்பி வர்றப்ப மட்டும் கூசுதா?”

அவர் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி எஸ்டெல் எழுந்துவிட்டாள்.

“போன மாசம் நெஞ்சப் புடிச்சுக்கிட்டுக் கெடந்தீங்களே, அப்ப இந்த மானத்த எங்க வச்சிருந்தீங்க? எழுபது மைல் போயிருந்தா உங்களப் பெட்டியிலதான் கொண்டு வந்திருப்பேன். பேனாவக் குடு ஓஸெல்லா.”

சபையே சிரித்துவிட்டது. மூப்பர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எஸ்டெல்லின் கையிலிருந்து பிடுங்கி, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டார் கையெழுத்தை. கிழிந்தேதான் போயிற்று. ஓஸெல்லா வேறொன்று கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வரிசை. சர்ச் பின்கட்டில் பொரித்து வைத்த மீன் ஆறிப்போனது. நானும் அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவள்தான், ஆனால் எனக்கு எழுத்துத் தெரியாது. ஓஸெல்லா ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்ல, நான் சிலுவை மாதிரி ஒரு கோடு போட்டேன். அந்த மாதம் முழுக்க அவள் ஆலை வாசலில் நின்றாள், துணி வெளுக்கிற கடைகளில் நின்றாள், கதவை முகத்தில் சாத்தியவர்கள் வீட்டுப் படியிலும் நின்றாள். அறுநூற்றுப் பதினொரு காகிதம் சேர்ந்தது.

கடைசி நாள் ஓஸெல்லா, நான், மூப்பர் டேட், இன்னும் சிலர் என்று பாஸ்டருடைய வேன் நிறையத் தலைநகருக்குப் போனோம். பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள், பிறகு பார்க்கிறோம் என்றாள் அரசாங்க ஆபீஸில் இருந்த பெண். எண்ணி முத்திரை போடாமல் நகர மாட்டேன் என்று ஓஸெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு அதே அதிகாரி வெளியே வந்தார். மேலே இருந்த கட்டைப் புரட்டியவர் என் காகிதத்தில் நின்றார். வெறும் கோடு யார் வேண்டுமானாலும் போடலாமே, இது செல்லாது, இந்த மாதிரி இருப்பதையெல்லாம் தனியாக எடுங்கள் என்றார். அப்படி நூற்றுக்கு மேல் இருந்தன.

ஓஸெல்லா வாய் திறப்பதற்குள் மூப்பர் டேட் எழுந்தார்.

“இவங்க கோடு போட்டப்ப பக்கத்துல நின்னவன் நான். மத்தவங்களையும் எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணுலயும் சாட்சின்னு என் பேர எழுதறேன், குடுங்க. எழுதி முடிக்க சாயங்காலம் ஆகும். நீங்க இருக்கணும்.”

அதிகாரி இருந்தார். மூப்பர் கை வலிக்க வலிக்க எழுதினார். முத்திரை விழுந்துகொண்டே இருந்தது. கடைசிக் கட்டை வாங்கிக்கொண்டு, அடுத்த வருஷம் ஒழுங்காகத் தபாலில் அனுப்புங்கள், இப்படிக் கூட்டமாக வராதீர்கள் என்றார் அதிகாரி.

“இதவிடக் கூட்டமா வருவோம் சார்,” என்றாள் ஓஸெல்லா. “நாற்காலி பத்தாது, சொல்லி வைங்க.”

ஜூலையில் பணம் வந்தது. எமர்ஜென்சி ஒருநாள்கூட மூடவில்லை. பெரிய மனிதர்கள் படம் பிடிக்க வந்து, நன்றி சொல்ல ஓஸெல்லாவை முன்னால் வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். ஜன்னலில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.