டிக்கெட்டில் தெரியாத இரண்டரை மணி நேரம்

கல்யாணமாகிக் கொழும்பில் இருக்கும் என் தங்கையைப் பார்க்க, நானும் கணவரும் மலேசியாவின் பொந்தியானிலிருந்து சிங்கப்பூர் போய் விமானம் ஏறினோம். டிக்கெட்டில் புறப்படுவது பத்தரை, இறங்குவது பதினொன்று ஐம்பது என்று இருந்தது.

கணவர் நீரிழிவுக்காரர். விடிகாலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு இரண்டு ரொட்டித் துண்டுதான் சாப்பிட்டிருந்தார். விமான நிலையத்தில் சாப்பிடலாம் என்றவரை நான்தான் தடுத்தேன்.

"ஒன்றரை மணி நேரம்கூட இல்ல லா, தங்கச்சி வீட்டுல சாப்பிட்டுக்கலாம்."

இரண்டு மணி நேரம் கடந்தும் கீழே கடல்தான் தெரிந்தது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. பக்கத்து இருக்கையில் இருந்த கொழும்புப் பெண்ணிடம், "ஏங்க இன்னும் இறங்கல? இவருக்குச் சர்க்கரை ரொம்பக் குறைஞ்சிடுச்சு!" என்று பதறிக் கேட்டேன்.

"இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிட்ட இருக்கு அக்கா. எங்கட நேரம் சிங்கப்பூரை விட ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. டிக்கெட்டில அந்தந்த ஊர் நேரந்தான் போடுவினம்."

சொல்லிக்கொண்டே தன் பையிலிருந்த இனிப்பு மிட்டாய்களை அவருக்குக் கொடுத்தார். பணிப்பெண் ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்தார். கால் மணி நேரத்தில் கணவர் தெளிந்தார்.

இப்போதெல்லாம் டிக்கெட் எடுக்கும்போதே வானில் எத்தனை மணி நேரம் என்று தனியாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். அவர் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகுதான் விமானத்தில் ஏறுகிறோம்.