மானியத்துக்குக் காத்திருந்தவர்கள்

என் வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர். அதனால்தான் எங்கள் தொழில் மண்ணாய்ப் போனது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஹைதராபாத் பாலாநகரில் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தார். ஊரே சாஃப்ட்வேர் படிக்க அமீர்பேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். இவருக்கு மட்டும் பேட்டரி ஸ்கூட்டர் பைத்தியம். அதே பாலாநகரில் ஒரு ஷெட் பிடித்து, ஆறு பேரை வைத்துக்கொண்டு வண்டி செய்ய ஆரம்பித்தார். எங்கள் சைனிக்புரி வீட்டின் முன்னறையைக் கடையாக்கி, விற்பனைக்கு என்னை உட்கார வைத்தார்.

பொய் சொல்லக்கூடாது, முதல் ஒன்றரை வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பேட்டரி வண்டிக்கு டெல்லி மானியம் கொடுத்தது. அதை விலையில் கழித்துக்கொண்டு விற்போம், பிறகு அது எங்களுக்கு வந்து சேரும். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். காலனியில் ரிடையரான பட்டாளத்துக்காரர்களும் ஹாஸ்டல் பெண்களும் தேடி வந்து வாங்கினார்கள்.

அப்புறம் ஒரு மார்ச் மாதத்தோடு மானியம் நின்றது. ஏப்ரலில் வண்டி விலை எகிறிவிட்டது. புதுத் திட்டம் எப்போது வரும் என்று இவர் எழுதிக் கேட்டதற்கு டெல்லியிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: பரிசீலனையில் உள்ளது.

அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. இவருக்கோ முகமெல்லாம் பல். குவார்ட்டர்ஸ், டெலிபோன், சம்பள அரியர்ஸ் எல்லாமே இவர் வாழ்க்கையில் பரிசீலனையில் கிடந்துதான் வந்தன. லேட்டாக வந்தனவே தவிர, வராமல் போனதில்லை. அதனால் என்ன செய்தார் தெரியுமா? வண்டி வாங்க வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். இப்போது வாங்கினால் உங்களுக்குத்தான் நஷ்டம், ரெண்டு மாதம் பொறுங்கள், திட்டம் வந்ததும் நானே போன் செய்கிறேன் என்பார். அதோடு விட்டாரா? ஒரு நீள நோட்டில் பெயரும் நம்பரும் எழுதி, ஆளுக்கொரு வரிசை எண் போட்டு, கையெழுத்து வைத்த சீட்டும் கொடுத்தார். ஆபீஸில் குவார்ட்டர்ஸ் கேட்டவர்களுக்குக் கொடுப்பார்களே, அதே மாதிரி.

நான் கரடியாய்க் கத்தினேன். வாங்க வந்தவனைப் போகச் சொல்லும் கடைக்காரன் எங்கேயாவது உண்டா என்று கேட்டேன். ஏறின விலைக்கே வாங்கத் தயாராய் வந்தவர்கள் அவர்கள். பக்கத்துத் தெரு சுபேதார் ஒருவர், ஹைதராபாத்காரர், முட்டி வலியோடு பஸ் ஏற முடியாமல் தவித்தவர். மானியமெல்லாம் நக்கோ, வண்டியைக் கொடுங்கள் போதும் என்று கெஞ்சினார். உங்களை ஏமாற்றின பாவம் எனக்கு வேண்டாம் என்று இவர் அவருக்கும் ஏழாம் நம்பர் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ரெண்டு மாதம் எட்டு மாதமானது. ஷெட்டில் வேலை பார்த்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினார். கடைசியில் மிச்சமிருந்த வண்டிகளைப் பழைய இரும்புக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். ஷெட்டைக் காலி செய்த அன்று இவர் சாப்பிடவில்லை. எனக்கும் திட்டத் தெம்பில்லை. முன்னறையில் மறுபடி சோபாவைப் போட்டோம்.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலைப் பேப்பரில் செய்தி வந்தது. பேட்டரி வண்டிகளுக்கு டெல்லி பெரிய திட்டம் அறிவித்திருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, அந்த நோட்டோடு போன் பக்கத்தில் உட்கார்ந்தார். விற்க என்ன இருக்கிறது, யாருக்குப் போன் என்று கேட்டேன்.

"திட்டம் வந்தா சொல்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். சொல்லணும்ல?"

முதல் ஆள் பெட்ரோல் வண்டி வாங்கிவிட்டாராம். ரெண்டாவது ஆளுக்கு இவர் யாரென்றே நினைவில்லை. அடுத்த நாலு நம்பரில் யாரும் எடுக்கவில்லை. ஏழாவதாகச் சுபேதாருக்குப் போட்டார். காது மந்தமான மனுஷர், அவர் கத்திப் பேசியது எனக்கே கேட்டது. வேறு வண்டி எதுவும் வாங்கவில்லை, சீட்டு பத்திரமாக இருக்கிறது என்றார்.

"நாளைக்கே வந்து வண்டியை எடுத்துக்கட்டுமா சாப்?"

இவர் என்னைப் பார்த்தார். ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு மாசம் பொறுங்க சுபேதார் சாப். நானே போன் பண்றேன்."

தெரிந்தே இவர் பொய் சொல்லி அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். அவர் ஹவ், ஹவ் என்று சந்தோஷமாகச் சம்மதம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.