தம்ளர் சிணுங்கினால் டேபிளுக்கு அடியில்

குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவளுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும் அறையில் சத்தம் வந்தால் பயமில்லை, சத்தம் நின்றால்தான் பயம். கஷ்டம் என்னவென்றால், ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு வருவதுபோல இந்தக் காதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வர முடிவதில்லை. அப்படித்தான் அன்று இரவு எட்டரை மணிக்கு, மகள் ரியாவைத் தூங்கவைத்துவிட்டு கிச்சனுக்கு வந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. அலமாரிக்குள் எவர்சில்வர் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கின.

ஃப்ரீமாண்ட்டில் எங்கள் வீடு கராஜுக்கு மேலே இருக்கிறது. என் கணவர் லியோ ஆபீஸிலிருந்து வந்து கீழே கராஜ் கதவைத் திறந்தால் மேலே தம்ளர்கள் இப்படித்தான் சிணுங்கும். உடனே நான் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவேன். நான்கு வருஷப் பழக்கம். அன்றும் கை தானாகத் தோசைக்கல்லுக்குப் போனது. அப்புறம்தான் நினைவு வந்தது. லியோ இப்போது டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில் இருக்கிறார். காரும் அவரோடு போய் இரண்டு வாரம் ஆகிறது. கராஜ் காலி. அப்படியென்றால் கீழே யார்?

கேள்வியை முடிப்பதற்குள் காலடியில் தரை நழுவியது.

கலிபோர்னியாவில் கட்டிலுக்கு அடியில் ஷூவையும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு படுக்கும் சகோதரிகளே, உங்கள் கூட்டத்தில் நான் சேர்ந்தது அன்றைக்குத்தான்.

யாரைத் துரத்துகிறாய்?

பூமி ஆடினால் வெளியே ஓட வேண்டும். இது திண்டுக்கல் கான்வென்ட் ஹாஸ்டலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இங்கே அது தப்பு, ஓடக்கூடாது, டேபிளுக்கு அடியில் போக வேண்டும் என்று காப்பகத்தில் நானே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஆனால் தரை ஆடும்போது ஞாபகம் வருவது முதலில் படித்த பாடம்தானே. ரியாவைப் போர்வையோடு வாரிக்கொண்டு கதவுக்கு ஓடினேன். கதவில் சங்கிலி, அதற்கு மேல் தாழ்ப்பாள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கை சங்கிலியில். சங்கிலியை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதே மறந்துவிட்டது. மாதாவே மாதாவே என்று கத்திக்கொண்டே எப்படியோ திறந்து, நைட்டியும் வெறுங்காலுமாகப் படியிறங்கிப் பார்க்கிங்குக்கு ஓடினேன்.

அங்கே ஒருவருமில்லை. பக்கத்து வீட்டு மிஸஸ் சென் மட்டும் தன் நாய்க்குட்டியைக் கூட்டிக்கொண்டு நின்றார். முப்பது வருஷமாக இந்த ஊரில் இருப்பவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ரொம்ப நிதானமாகக் கேட்டார்:

"அது வந்துட்டுப் போயே போச்சே. நீ யாரைத் துரத்திக்கிட்டு ஓடறே?"

ஹோல்ட் ஆன்

அன்றிலிருந்து நான் ராத்திரியில் தாழ்ப்பாள் போடுவதை நிறுத்திவிட்டேன். கதவுக் குமிழில் இருக்கும் பூட்டைக்கூடத் திருகுவதில்லை. கதவை வெறுமனே சாத்தி, ரியாவின் தள்ளுவண்டியை முட்டுக் கொடுத்து வைப்பேன். லியோ போனில் கத்துவார். "திருடன் வந்தா என்ன பண்ணுவ ஜெனி?" "திருடன் கதவு வழியா வருவான், லியோ. இது கீழேருந்துல்ல வருது?"

காப்பகத்தில் மட்டும் நான் ரொம்ப தைரியசாலி. மாதத்துக்கு ஒரு நாள் ஒத்திகை. மணி அடித்ததும் பிள்ளைகள் குனிந்து, டேபிளுக்கு அடியில் புகுந்து, டேபிள் காலை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிராப், கவர், ஹோல்ட் ஆன். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய விளையாட்டு கிடையாது. எல்லாரும் வெளியே வந்தாலும், அதே வகுப்பில் இருக்கும் என் ரியா வரமாட்டாள். "அம்மா, ஒன் மோர் டைம்" என்று உள்ளேயே உட்கார்ந்திருப்பாள்.

கோயமுத்தூர்க்காரர் ஒருவரின் பையன் ஆதவ், நாலு வயது, வகுப்பிலேயே நல்ல மாணவன். ஒரு திங்கட்கிழமை அவனை விட வந்த அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இது:

"மிஸ், சனிக்கிழமை எங்க மேனேஜர் வீட்டுக்குச் சாப்பிட வந்தாருங்க. டேபிள் கொஞ்சம் ஆடுச்சுன்னு இவன் அடியில போயி அவரு காலைப் புடிச்சுட்டு விடவே மாட்டேங்கறான். அப்ரைசல் நேரத்துல நான் பண்ண வேண்டியதை இவன் பண்ணிட்டானுங்க!"

பையில் என்ன இருக்கிறது

ஆசிரியைகள் எல்லாரும் ஆளுக்கொரு அவசரப் பை கட்டிக் கொண்டுவந்து காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று எங்கள் முதலாளி சுதா ஆன்ட்டி உத்தரவு போட்டார். மூன்று நாளைக்கு வேண்டியது இருக்க வேண்டும். தண்ணீர், டார்ச், மருந்து, பிஸ்கட். என்னோடு வேலை பார்க்கும் மெக்சிகோக்காரி ரோசா பத்து நிமிஷத்தில் கட்டிவிட்டாள். எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. பாஸ்போர்ட், விசா பேப்பர், ரியாவின் ஞானஸ்நான சர்ட்டிபிகேட், என் பி.காம். மார்க் ஷீட் ஒரிஜினல். வீடு இடிந்து கிடக்கும்போது யார் என்னிடம் மார்க் ஷீட் கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. அம்மா அனுப்பிய இட்லிப் பொடி ஒரு டப்பா, ஜெபமாலை, டயபர். எல்லாவற்றுக்கும் அடியில், ஜிப் லாக் கவரில் காற்றுப் போகாமல், லியோ டெக்சாஸுக்குக் கிளம்பிய அன்று காலையில் கழற்றிப்போட்ட சட்டை. துவைக்காதது.

சுதா ஆன்ட்டி ஒவ்வொரு பையாகத் திறந்து லிஸ்டை வைத்துச் சரிபார்த்தார். என் பையில் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். கவர் வந்தது. உயர்த்திப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கவரைப் பழையபடி அடியிலேயே வைத்து, மேலே டயபரை அடுக்கி, மார்க் ஷீட்டை அடுக்கி, ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு வழக்கமான அதட்டல் குரலில் சொன்னார்:

"பொடி வெச்சிருக்கே சரி, நல்லெண்ணெய் எங்கேடி?"

பூமி ஆடாத ஊர்

லியோ ஆசைப்பட்டு டெக்சாஸ் போகவில்லை. இங்கே வேலை போனது. விசா விதிப்படி அறுபது நாளுக்குள் அடுத்த வேலை பிடிக்க வேண்டும். ஐம்பத்து மூன்றாம் நாள் கிடைத்தது கேட்டியில் ஒரு கான்ட்ராக்ட். ஆறு மாசத்தில் முடிந்தாலும் முடியும், நீண்டாலும் நீளும் என்றார்கள். அதை நம்பி வீட்டைக் காலி செய்துகொண்டு போக பயம். அங்கே போனபின் அதுவும் போய்விட்டால்? அதனால் அவர் அங்கே, நாங்கள் இங்கே. அவர் ராத்திரி ராத்திரியாக எங்கள் பக்கத்து பே ஏரியா வேலைகளுக்கு அப்ளை பண்ணுவார். இன்டர்வியூ நான்கு ரவுண்டு போகும், ஐந்தாவதில் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

ஒவ்வொரு தடவை இங்கே தம்ளர் சிணுங்கும்போதும் அவரைக் கூப்பிடுவேன். ஒரு நாள் ரியாவோடு டேபிளுக்கு அடியில் உட்கார்ந்தபடியே வீடியோ காலில் அழுதேன். "பேசாம இங்க வந்துடு ஜெனி. கான்ட்ராக்ட் போனா பார்த்துக்கலாம். இது பூமி ஆடாத ஊர்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அந்தப் பக்கம் ஊரே ஊளையிடுவதுபோல சைரன். டொர்னாடோ எச்சரிக்கை; அந்தச் சூறைக்காற்று வந்தால் அங்கே ஜன்னலில்லாத பாத்ரூமுக்குள் ஒளிய வேண்டுமாம். போன் குலுங்கியது, ஓடினார், விளக்கு மாறியது. பார்த்தால் பாத்டப்புக்குள் தலையில் தலகாணியோடு உட்கார்ந்திருக்கிறார். நான் இங்கே டேபிளுக்கு அடியில், அவர் அங்கே தொட்டிக்குள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம். "டாடி, ஆர் யூ டேக்கிங் பாத்?" என்றாள் ரியா.

அவரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்த முத்துக்குமார், அதே ஆபீஸ்காரர், அதே தொட்டியின் மறுமுனையிலிருந்து தலையை நீட்டினார்:

"அண்ணி, அண்ணன்கூட தொட்டில உக்கார வேண்டியது நீங்க. நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?"

தூங்கும் நேரம்

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை பிள்ளைகள் பாயில் தூங்குவார்கள். திரைச்சீலையை இழுத்துவிட்டு நானும் ரோசாவும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம். அன்று எங்கள் இருவரின் போனும் ஒரே நேரத்தில் அலறின. நிலநடுக்க எச்சரிக்கை. அந்த அலறலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். முதுகெலும்பு வழியாக ஐஸ் தண்ணீர் இறங்கும்.

ரியா எதிர் மூலையில், ரோசாவின் பக்கம் படுத்திருந்தாள். என் காலருகில் ஆதவும், ஒன்றரை வயது இரட்டைப் பிள்ளைகளும். நான் எழுந்து ரியாவை நோக்கி ஒரு அடி வைத்துவிட்டேன். பொய் சொல்லமாட்டேன், ஒரு அடி வைத்தேன். அப்போது இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று கண் விழித்து என் நைலான் பேன்ட்டைப் பிடித்தது. அதற்கு மேல் என்னால் நகர முடியவில்லை. மூன்று பேரையும் சுவரோரமாக இழுத்துப்போட்டு அவர்கள் மேல் குப்புறக் கவிழ்ந்தேன். ஜன்னல் கண்ணாடி படபடத்தது. பொம்மை டப்பா ஒன்று விழுந்தது. மொத்தம் பத்து விநாடிகூட இருக்காது. அந்தப் பத்து விநாடியும் என் மகள் இருக்கும் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓடிவிடுவேன் என்று தெரியும்.

எல்லாம் நின்றபின் திரும்பினேன். ரோசா ரியாவின் மேல் கூடாரம்போலக் கவிழ்ந்து கிடந்தாள். ரியா தூங்கிக்கொண்டே இருந்தாள். நான் நன்றி சொல்ல வாயெடுத்து அழுதுவிட்டேன். ரோசாவின் மகன் நான்கு தெரு தள்ளி இரண்டாம் வகுப்பில் படிக்கிறான். அவள் பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டபடியே, லைன் கிடைக்காமல், என்னிடம் சொன்னாள்:

"உன் பொண்ணு மேல நான் படுத்தேன். என் பையன் மேல யாராவது படுத்திருப்பாங்க, இல்ல?"

தாழ்ப்பாள்

ஒரு விஷயத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தாழ்ப்பாள் போடாததற்குப் பூகம்பம் பாதிக் காரணம்தான். எங்கள் ஹாஸ்டலில் ராத்திரி வார்டன் சிஸ்டர் தலை எண்ணுவார். ஊரிலிருந்து பஸ் கிடைக்காமல் ஒரு பெண் வரவில்லையென்றால், மணி பத்தானாலும் அந்த இரும்புத் தாழ்ப்பாள் விழாது. எங்கள் வீட்டிலும் அதே வழக்கம். அப்பா சைக்கிளை உள்ளே ஏற்றிய பிறகுதான் கதவுக்குத் தாழ். ஆள் வெளியே இருக்கும்போது தாழ் போட்டால், நீ வரவேண்டாம் என்று சொன்னதுபோல. முதல் இரண்டு வாரம் தனியாக இருக்கும் பயத்தில் போட்டுக்கொண்டேன், மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. இதை லியோவிடம் சொல்லவில்லை. பூகம்பத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

எட்டாவது மாதம் அவருக்கு இங்கேயே, சன்னிவேலில் வேலை கிடைத்தது. காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மூன்று நாள் டிரைவ் பண்ணி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை இரவு ஒன்பதரை. தம்ளர்கள் சிணுங்கின. எப்போதும்போல இல்லை, நீளமாக. ரியாவைப் படுக்கையிலிருந்து தூக்கிக்கொண்டு டேபிளுக்கு அடியில் பாய்ந்தேன். ஐயோ, இன்னும் ஒரு நாள்தானே, ஒரே ஒரு நாள் பொறுக்கக்கூடாதா என்று பூமியிடம் கெஞ்சினேன். சத்தம் நின்றது. படியில் காலடி. கதவு தள்ளுவண்டியை நகர்த்திக்கொண்டு திறந்தது.

"ஜெனி? கதவு திறந்தே கிடக்கு, ஆளைக் காணோம்?"

ரியா தூக்கக் கலக்கத்திலும் பாடத்தை மறக்கவில்லை. "டாடி, டிராப்! டிராப்!" என்று கத்தினாள். லியோ பையைப் போட்டுவிட்டு, வழியில் தங்காமல் கார் ஓட்டி வந்த முழங்காலை மடக்கிக்கொண்டு உள்ளே தவழ்ந்து வந்தார். இரண்டு பேருக்கே போதாத டேபிள் அது. அவர் முழங்கை என் விலாவில் இடித்தது. அவர் மேல் பெட்ரோல், காபி, வியர்வை எல்லாம் கலந்து வீசியது. கவரில் இருந்த சட்டையில் எப்போதோ போய்விட்ட வாசனை.

"எர்த்க்வேக் எப்ப வந்துச்சு?" என்று ரகசியமாகக் கேட்டார்.

"நீங்க கராஜ் கதவைத் திறந்தப்ப."

நான் வெளியே வந்தேன். தள்ளுவண்டியை மடித்து ஓரமாக வைத்தேன். சங்கிலியை மாட்டினேன். தாழ்ப்பாள் எட்டு மாதமாகத் திரும்பாமல் இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருகினேன். டக்கென்று விழுந்தது. லியோ டேபிளுக்கு அடியிலிருந்தபடியே கேட்டார்:

"ஏய், இப்ப ஆடுச்சுன்னா எப்படி ஓடுவ?"

பூமி எப்போது வேண்டுமானாலும் ஆடிக்கொள்ளட்டும், எங்கள் வீட்டில் தலை எண்ணியாகிவிட்டது, கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது.