கிளி ஓட்டப் போன மூன்று நாள்

ஒரு சங்கப் பாட்டை வைத்தே கணக்கு, அறிவியல், புவியியல் எல்லாவற்றையும் நடத்தலாம் என்று எங்கள் ஏற்காட்டுப் பள்ளியின் தமிழாசிரியை சொன்னார். "கணக்குக்கும் பாட்டுக்கும் என்னங்க டீச்சர் சம்பந்தம்?" என்று சிரித்த கணக்கு வாத்தியார் நான்தான்.

அவர் விடவில்லை. ஏழாம் வகுப்பில் எங்கள் இருவரின் கூட்டு வகுப்பு நடந்தது. மலையில் தினை முற்றும்போது பெண்பிள்ளைகள் காவலிருந்து கிளி ஓட்டுவார்கள் என்று பாட்டை விளக்கினார். "அதெல்லாம் அந்தக் காலம்" என்றேன்.

மூலையில் நின்றிருந்த மல்லிகா கையைத் தூக்கினாள். மாரமங்கலம் என்ற மலைக்கிராமத்துப் பிள்ளை. மூன்று நாள் வரவில்லை என்று காலையில் நான்தான் அவளை அங்கே நிறுத்தியிருந்தேன்.

"இல்லீங்க சார். மூணு நாளா எங்க தினைக்காட்டுல நான் கிளிதானுங்க ஓட்டினேன்."

"காலையிலயே சொல்றதுக்கு என்ன கண்ணு?"

"நீங்க ஏன்னு கேக்கலீங்களே சார்."

சுருக்கென்றது. தமிழாசிரியை சாக்பீஸை அவளிடம் கொடுத்தார். மல்லிகா தன் காட்டைக் கரும்பலகையில் வரைந்தாள். நான் நடத்திய எந்தச் செவ்வகத்திலும் அடங்காத கோணல் காடு. பிள்ளைகள் அதை முக்கோணங்களாகப் பிரித்துப் பரப்பளவு கண்டுபிடிக்கத் தொடங்கினார்கள்.

சரிபார்க்க, சனிக்கிழமை அளவு நாடாவோடு எல்லோரும் மாரமங்கலம் போனோம். அளந்து முடிப்பதற்குள் கிளிக்கூட்டம் வந்துவிட்டது. மல்லிகா என் கையில் ஒரு தகரத்தைக் கொடுத்தாள்.

"சார், நீங்க அந்த மூலையில நில்லுங்க."

நின்றேன். இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகளை மூலையில் நிறுத்தியிருப்பேன்! இனி ஏன் என்று கேட்காமல் யாரையும் நிறுத்துவதில்லை என்று நினைத்துக்கொண்டே, வெயில் சாயும்வரை தகரம் தட்டினேன்.